காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள்?

லேபுக்கு வரும் பரிசோதனைச் சீட்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும், என்ன டெஸ்ட் என்று இருக்கும். ‘காய்ச்சல் தொடங்கிய நாள்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். அது மட்டும் பெரும்பாலும் காலியாக வரும். டெங்கு இருந்தால் கோடு விழுகிற கார்டு டெஸ்ட் போடுகிற எவருக்கும் இந்தக் காலிக் கட்டம்தான் தலைவலி. ரத்தம் கையில் இருக்கிறது, கிட் இருக்கிறது, இருபது நிமிடத்தில் கோடு விழுமா விழாதா என்று தெரிந்துவிடும். ஆனால் விழாத கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேதி வேண்டும். தேதி இல்லாத நெகட்டிவ் ரிப்போர்ட்டை நான் அரை ரிப்போர்ட் என்றுதான் நினைப்பேன். சாம்பிள் கொடுக்க வருகிறவர்களிடம் நின்றபடியே விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

ஏடிஸ் கொசு கடித்து வைரஸ் உள்ளே போனதும் காய்ச்சல் வந்துவிடாது. 4 முதல் 10 நாள் வரை ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வைரஸ் ஏறத் தொடங்கிவிடும். காய்ச்சல் கொதிக்கிற முதல் சில நாட்களில் அது உச்சத்தில் இருக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் வைரஸை எதிர்க்க உடல் தயாரித்த ஆன்டிபாடி என்ற புரதங்கள் வேலைக்கு வரும், வைரஸ் மளமளவென்று குறையும். காய்ச்சலும் ஏறக்குறைய அப்போதுதான் விடும். ஆக, ஒரே ஆளின் ரத்தம் இரண்டாம் நாள் ஒன்று சொல்லும், ஏழாம் நாள் வேறொன்று சொல்லும். முதல் நாட்களில் தேட வேண்டியது வைரஸை. பிற்பாடு தேட வேண்டியது, உடல் அதற்குக் கொடுத்த பதிலை. இரண்டுக்கும் கோடு வேறு வேறு.

வைரஸைத் தேடுவது என்றேன். கார்டு உண்மையில் தேடுவது வைரஸை அல்ல, அது வெளியே விடுகிற ஒரு புரதத்தை. டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து பெருகும்போது மொத்தம் பத்துப் புரதங்களைச் செய்கிறது. அதில் மூன்றுதான் புதிய வைரஸின் உடம்பாகிறது. மற்ற ஏழும் பெருக்கும் வேலைக்கு. அந்த ஏழில் முதலாவது என்எஸ்1. மற்றவை செல்லுக்குள்ளேயே இருந்துவிட, இது மட்டும் ஆறு ஆறாகச் சேர்ந்து வெளியே வந்து ரத்தத்தில் சுற்றுகிறது. இது ரத்தத்தில் எக்கச்சக்கமாக இருக்கிறது, அதுவும் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்பதை 2000-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் அளந்து காட்டின. அதற்குப் பிறகுதான் டெங்குவை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி கிடைத்தது. அதுவரை முதல் சில நாட்களில் வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கிற பிசிஆர் அல்லது வைரஸை வளர்த்துப் பார்ப்பது என்ற இரண்டே வழிகள்தான். இரண்டுமே பெரிய லேப் சமாச்சாரம்.

இந்த என்எஸ்1 வெறும் அடையாளம் மட்டும் அல்ல என்பது பிற்பாடு தெரிந்தது. ரத்தக் குழாய்களின் உட்சுவரை இதுவே தளர்த்திக் கசிய வைக்க முடியும் என்று 2015-ல் வெளியான ஆய்வுகள் செல்களிலும் எலிகளிலும் காட்டின. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடலின் பதில் என்பது ஆன்டிபாடி. முதலில் வருவது ஐஜிஎம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டி சொல்கிற கணக்குப்படி, ஐந்தாம் நாளில் சுமார் 80 சதவீதம் பேரிடமும், பத்தாம் நாளில் 99 சதவீதம் பேரிடமும் ஐஜிஎம் தென்படும். இரண்டு வாரம் வாக்கில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று மாதத்தில் வடியும். அதாவது இன்றைய காய்ச்சலுக்கு எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் கோடு விழுந்தால், அது போன மாதம் சத்தமில்லாமல் வந்துபோன டெங்குவின் மிச்சமாகவும் இருக்கலாம். அடுத்து வருவது ஐஜிஜி. முதல் முறை டெங்கு வந்தவருக்கு இது மெதுவாகத்தான் ஏறும், ஆனால் பல வருடம் தங்கிவிடும்.

இரண்டாம் முறை வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு உண்டு, மற்ற மூன்றுக்கு இல்லை. வேறு வகை வந்து தாக்கும்போது, பழைய ஞாபகத்தில் ஐஜிஜி ஓரிரு நாளிலேயே குபுகுபுவென்று ஏறும். ஐஜிஎம் சொற்பமாக இருக்கும், சிலருக்குக் கார்டில் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, பழைய ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சுற்றும் என்எஸ்1 மேல் ஒட்டிக்கொண்டு அதை மறைத்துவிடும். கார்டில் இருக்கும் பிடிப்பானுக்கு அது அகப்படாது. ஆக, இரண்டாம் முறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 நெகட்டிவ் ஆகும் வாய்ப்பு அதிகம். நோய் தீவிரமாகும் வாய்ப்பும் இவருக்குத்தான் அதிகம். யாரைத் தவறவிடக் கூடாதோ அவரிடம்தான் கார்டு அதிகம் சறுக்குகிறது. இந்த டெஸ்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வரலாம். இரண்டாம் நாள் என்றால் என்எஸ்1 கோடுதான் பேச வேண்டும். ஐஜிஎம் இல்லை என்பதில் அர்த்தம் எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால்தான் இரண்டும் ஒரே கார்டில் வருகிற கிட்டுகள் நல்லது. எட்டாம் நாள் என்றால் என்எஸ்1 நெகட்டிவ் என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு குழப்பமும் உண்டு. காய்ச்சல் வந்த தினத்தைச் சிலர் முதல் நாள் என்று எண்ணுவார்கள், சிலர் பூஜ்ய நாள் என்று எண்ணுவார்கள். நான்கா ஐந்தா என்பது முக்கியமாகிற இடத்தில் இந்த ஒரு நாள் வித்தியாசம் சங்கடம் தரும். அதனால் நாள் கணக்கைச் சொல்வதைவிட, ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குளிர் எடுத்தது’ என்று சொல்லிவிடுவது மேல். மீதியை நாங்கள் எண்ணிக்கொள்வோம்.

கார்டு வேலை செய்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. அலுமினியப் பொட்டலத்தைக் கிழித்தால் உள்ளே பிளாஸ்டிக் கார்டும் ஈரம் உறிஞ்சும் சிறு பையும் இருக்கும். பொட்டலத்தைக் கிழித்துவிட்டால் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கிற பட்டை காற்றின் ஈரத்தை வாங்கினால் கெட்டுப்போகும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் என்எஸ்1 பக்கத்துக்கு மூன்று சொட்டு, அதாவது சுமார் 100 மைக்ரோலிட்டர் சீரம். ஆன்டிபாடி பக்கத்துக்கு வெறும் 10 மைக்ரோலிட்டர், அதன் மேல் நான்கு சொட்டு கரைசல். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் கார்டு குப்பைக்குத்தான். விரல் நுனியில் குத்தி எடுத்த முழு ரத்தத்தையும் போடலாம் என்று பல கிட்டுகளில் எழுதியிருக்கும். போடலாம்தான், ஆனால் பட்டையின் பின்னணி சிவந்துவிடும், மங்கலான கோட்டைப் பார்ப்பது கஷ்டம். ரத்தம் உறைந்ததும் சுழற்றி எடுத்த தெளிந்த சீரம் கிடைத்தால் எனக்கு நிம்மதி.

சொட்டு விட்டதும் சில நொடிகளில் கார்டின் ஜன்னலுக்குள் கருஞ்சிவப்பாக ஓர் அலை நகர ஆரம்பிக்கும். அது ரத்தத்தின் நிறம் அல்ல, தங்கம். பட்டையின் தொடக்கத்தில் காய வைத்திருக்கும் தங்கத் துகள்கள், ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர் அளவு. அவ்வளவு சிறிதாகும்போது தங்கம் மஞ்சளாகத் தெரியாது, மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். அந்த நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மைதான் என்று மைக்கேல் ஃபாரடே 1857-லேயே எழுதிவைத்தார். அந்தத் துகள்களின் மேல் என்எஸ்1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். சீரத்தில் என்எஸ்1 இருந்தால் அது துகளோடு சேர்ந்து பட்டையில் ஊறிக்கொண்டே போகும். நடுவில் ‘டி’ என்ற இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி கோடாகப் பூசப்பட்டிருக்கிறது. அது என்எஸ்1-ஐ மறுபக்கத்தில் பிடித்து நிறுத்தும். துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு தெரியும். மீதி ஓடிப்போய் ‘சி’ என்ற இடத்தில் பிடிபடும். சி கோடு வரவில்லை என்றால் திரவம் ஒழுங்காக ஓடவில்லை, கார்டு செல்லாது, டி கோடு என்ன சொன்னாலும் சரி. கர்ப்பம் பார்க்கிற கார்டும் இதே ரகம்தான்.

ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கத் தெரிந்ததால்தான் இவ்வளவு சின்னக் கார்டு சாத்தியமானது. கோலர், மில்ஸ்டைன் இருவரும் 1975-ல் அந்த முறையைக் கண்டுபிடித்தார்கள், 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆன்டிபாடியை வைத்து ரத்தத்தில் இருக்கும் சொற்ப அளவுப் பொருளை அளக்கலாம் என்று அதற்கு முன்பே காட்டியவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோவுக்கு 1977-ல் நோபல். பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார்.

பதினைந்திலிருந்து இருபது நிமிடம். அதற்குள் பார்த்துவிட வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் காய்ந்த பட்டையில் சாம்பல் நிழல் போல் ஒரு கோடு விழுந்திருக்கும். அது பாசிட்டிவ் அல்ல. மாறாக, பதினைந்தாவது நிமிடத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு கோடு தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பெரும்பாலான கிட்டுகளின் விதிப்படி பாசிட்டிவ்தான். கார்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ‘உனக்குத் தெரியுதா?’ என்று கேட்பதும் எல்லா லேபிலும் நடக்கிறதுதான். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுவது நல்ல பழக்கம். கோடு அடர்த்தியாக இருந்தால் நோய் கடுமை, மங்கலாக இருந்தால் லேசு என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தக் கார்டு அளவு சொல்வதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

கொஞ்சம் கணக்கு போடலாம். வைத்துக்கொள்வோம், ஒரு கார்டு நூறு டெங்கு நோயாளிகளில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. டெங்கு இல்லாத நூறு பேரில் 95 பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது. இது நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண், கிட்டுக்குக் கிட்டு இது நிறைய மாறும். தொற்று உச்சத்தில் இருக்கும் சமயம், காய்ச்சலோடு வரும் 1000 பேரில் பாதிப் பேருக்கு டெங்கு. பாசிட்டிவ் வருவது 425 பேருக்கு, அதில் 400 நிஜம். நல்லது. ஆனால் நெகட்டிவ் வந்த 575 பேரில் 100 பேருக்கு டெங்கு இருக்கிறது. ஆறில் ஒருவர். இப்போது தொற்று மிகக் குறைந்த சமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1000 பேரில் பத்துப் பேருக்குத்தான் டெங்கு. அதில் எட்டுப் பேர் பிடிபடுவார்கள், கூடவே டெங்கு இல்லாத ஐம்பது பேருக்கும் சும்மா பாசிட்டிவ் வரும். அதே கார்டு, அதே தரம். சுற்றி என்ன பரவிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு சமயம் நெகட்டிவை நம்ப முடியாது, இன்னொரு சமயம் பாசிட்டிவை நம்ப முடியாது. கொள்ளைநோய்க் காலத்தில் நெகட்டிவ் வந்த காய்ச்சல்காரரை ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ரிப்போர்ட்டில் நான் எழுதுவது நெகட்டிவ் என்கிற ஒரு சொல்தான். அதை ‘இல்லை’ என்று படிப்பது நீங்கள்.

சரி, பாசிட்டிவ் என்றே தெரிந்துவிட்டது, அதனால் என்ன மாறுகிறது? இந்தக் கேள்வி நியாயமானது. மலேரியாவில் கார்டு பாசிட்டிவ் என்றால் உடனே மலேரியா மாத்திரை தொடங்கலாம், ஒட்டுண்ணி செத்துவிடும். டெங்குவைக் கொல்ல இதுவரை மருந்து இல்லை. ஆகவே இந்த டெஸ்டின் பயன் மருந்துச் சீட்டில் தெரியாது. முதலில், கைக்குக் கிடைத்த வலி மாத்திரையைப் போடுவது நிற்கும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக் கசிவை மோசமாக்கக்கூடியவை. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும்தான். தேவையில்லாத ஆன்டிபயாடிக் குறையும். நோயாளி கொசுவலைக்குள் போவார், அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோவது தடைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை எந்த நாட்களில் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்த நாட்கள் எவை என்பதில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். காய்ச்சல் 104 அடிக்கும்போது வீடே விழித்திருக்கும். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், எல்லோரும் அப்பாடா என்று படுப்பார்கள். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிவது அந்த 24 முதல் 48 மணி நேரத்தில். வயிற்றில் விடாத வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே ஆஸ்பத்திரி. இரண்டாம் நாளிலேயே கார்டு பாசிட்டிவ் காட்டிவிட்டால், இந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கலாம். என்எஸ்1 டெஸ்டின் நிஜமான பலன் இந்த வட்டம்தான் என்பது என் கருத்து. அதனால்தான் முதல் நாள் மாலை காய்ச்சலுக்கு மறுநாளே டெஸ்ட் எடுக்க வருகிறவர்களை நான் ‘இவ்வளவு அவசரமா?’ என்று கேலி செய்வதில்லை. ஆனால் நெகட்டிவ் வந்தால் அதே அக்கறையோடு இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வர வேண்டும்.

பிளேட்லெட் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. ரத்தம் உறைய உதவும் இந்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை விழுவது டெங்குவில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல, மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும் விழும். ஆகவே அதை வைத்து டெங்கு என்று முடிவு கட்ட முடியாது. 20,000-க்குக் கீழே போனாலும், பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் ரத்தக்கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்லிவிட்டது. கவனிக்க வேண்டிய எண், ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. லேபில் பிசிவி என்போம். நீர் கசிந்து போனால் ரத்தம் கெட்டிப்படும், பிசிவி ஏறும். பிளேட்லெட் விழவும் பிசிவி ஏறவும் சேர்ந்து நடந்தால் அது அபாய மணி. போனில் கூப்பிட்டு பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பவர்களில் பிசிவி எவ்வளவு என்று கேட்டவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

டெங்குவின் உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஒரே ஃபிளேவிவைரஸ் குடும்பம். ஒரே முகஜாடை உள்ள அண்ணன் தம்பிகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் மாறிப்போவதைப் போல, ஒருவனுக்காக உடல் செய்த ஆன்டிபாடி மற்றவனின் டெஸ்டிலும் போய் ஒட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டவருக்கு டெங்கு ஆன்டிபாடி கோடு விழலாம். 1947-ல் உகாண்டாக் காட்டில் ஒரு குரங்கின் ரத்தத்தில் கண்டுபிடித்த பிறகு, ஜிகாவை யாரும் பல பத்தாண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015-16-ல் பிரேசிலில் பரவி, சிறுத்த தலையோடு குழந்தைகள் பிறந்தபோது, டெங்கு ஏற்கனவே எல்லோரையும் தொட்டுவிட்டுப் போன ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து, இது ஜிகாவா பழைய டெங்குவா என்று பிரிக்க முடியாமல் திணறினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி 1 அன்று சர்வதேச அவசரநிலை அறிவித்தது. சந்தேகத்தைத் தீர்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு. நோயாளியின் சீரத்தோடு உயிருள்ள வைரஸைக் கலந்து, அது செல்களைத் தாக்குவதை எந்த ஆன்டிபாடி தடுக்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பாதுகாப்பான லேபும் பல நாள் பொறுமையும் வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு காத்திருப்பவருக்கு அந்த நாட்கள் எப்படிக் கழியும்!

சிக்குன்குனியா இந்தக் குடும்பம் இல்லை, ஆல்ஃபாவைரஸ். ஆனால் கடிப்பது அதே ஏடிஸ் கொசு, ஆரம்பக் காய்ச்சலும் ஏறக்குறைய அதே மாதிரி. மூட்டு வலியைப் பார்த்து அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். கடைகளில் கிடைக்கும் சிக்குன்குனியாக் கார்டுகள் பெரும்பாலும் ஐஜிஎம் பார்ப்பவை. முதல் சில நாட்களில் அது இருக்காது என்பதால் கார்டும் வாயைத் திறக்காது. அந்த நாட்களில் ரத்தத்தில் வைரஸ் கொட்டிக் கிடக்கும். பிசிஆர் போட்டால் சுலபமாகப் பிடித்துவிடலாம். ஆரம்ப நாள் நோயாளிக்கு ஐஜிஎம் கார்டு எழுதிக்கொடுப்பது வீண் செலவு.

இதுவரை சொன்னதெல்லாம் இப்போதைய நோயைத் தேடுவது. பழைய நோயைத் தேடுவதற்கும் ரத்தப் பரிசோதனை வேண்டியிருந்தது, அது இல்லாமல் போனதில் ஒரு பெரிய விபரீதம் நடந்தது. சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்ஸியா, உலகில் அனுமதி பெற்ற முதல் டெங்குத் தடுப்பூசி. 2015 டிசம்பரில் மெக்சிகோ அனுமதித்தது. 2016-ல் பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது: முன்பு டெங்கு வந்தவர்களை இந்த ஊசி காப்பாற்றுகிறது, வராதவர்களுக்கோ, பிற்பாடு டெங்கு வந்தால் அது தீவிரமாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஊசியே முதல் டெங்கு போல் நடந்துகொண்டு, நிஜமாக வரும் முதல் தொற்றை இரண்டாவதாக்கிவிடுகிறது என்பது பரவலான விளக்கம். பிலிப்பைன்ஸ் திட்டத்தை நிறுத்தியது. பெற்றோர்களின் கோபம் மற்ற தடுப்பூசிகள் மேலும் பாய்ந்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பரிசோதனைக் கட்டத்தில் ஊசி போடும் முன் எல்லோரிடமும் ரத்தம் எடுத்து வைக்கவில்லை. ஊசிக்குப் பிந்தைய ரத்தம்தான் இருந்தது. அதில் ஆன்டிபாடி இருந்தால் அது ஊசியால் வந்ததா, பழைய டெங்குவால் வந்ததா? அந்தத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் மேல் டெங்குவின் வெளிப்புறப் புரதங்களை மட்டும் பொருத்திச் செய்தது. அதற்குள் இருக்கும் என்எஸ்1 மஞ்சள் காய்ச்சலுடையது. ஆகவே டெங்கு என்எஸ்1-க்கு எதிரான ஆன்டிபாடி ஒருவரிடம் இருந்தால், அது பெரும்பாலும் நிஜமான டெங்கு தந்ததாகத்தான் இருக்க வேண்டும். சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் அதைத் தேடிப் பிரித்தார்கள், படம் தெளிவானது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம், ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து பழைய டெங்கு உள்ளவருக்கு மட்டும் போடுவதே விரும்பத்தக்கது என்றது. 2019-ல் அமெரிக்கா அனுமதித்தபோதும் லேபில் உறுதியான பழைய டெங்கு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் அனுமதித்தது. இங்கே தவறான பாசிட்டிவின் விலை வேறு. காய்ச்சல்காரருக்குத் தவறான பாசிட்டிவ் வந்தால் இரண்டு நாள் வீண் கவலை. இங்கே அது, போடக் கூடாத பிள்ளைக்குப் போட்ட ஊசி. கார்டு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

பிசிஆரைச் சின்னதாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அதில் எனக்கு நம்பிக்கை தருவது லாம்ப் என்ற முறை, 2000-ல் ஜப்பானில் வந்தது. பிசிஆரில் சூட்டை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். லாம்ப்புக்கு 60-65 டிகிரியில் ஒரே சூடு போதும். ஒரு மணி நேரத்துக்குள் குழாயில் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றையும் ஆன்டிபாடிக் குழப்பம் இல்லாமல் பிரிக்கலாம். சிக்கல் முன்வேலையில். ரத்தத்திலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க இன்னும் கையும் கருவியும் வேண்டும். சாம்பிள் ஒன்றில் தெறித்தது இன்னொன்றில் விழுந்தால் எல்லாமே பாசிட்டிவ் காட்டும். கார்டு மாதிரி யார் வேண்டுமானாலும் போட்டுவிடும் நிலைக்கு அது வரவில்லை.

என்னைக் கேட்டால், நமக்கு அவசரமாக வேண்டியது இன்னும் வேகமான டெங்கு டெஸ்ட் அல்ல. இருபது நிமிடம் போதும். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள், சிலருக்குத்தான் கசிவு வரும். அந்தச் சிலர் யார் என்று இரண்டாம் நாள் ரத்தத்திலேயே சொல்கிற கார்டு வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் வராந்தா வரை படுக்கை போட்டிருக்கும் ஆஸ்பத்திரிக்கு, யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் உயிர் போகிற கேள்வி. குழாய்ச் சுவர் தளர்வதைக் காட்டும் பொருட்களை, உடல் பதறும்போது செல்கள் வெளிவிடும் பொருட்களை, என்எஸ்1-இன் அளவையே கூட, பலர் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு உறுதியான கார்டு எதுவும் என் மேசைக்கு வரவில்லை. வருகிற வரை பிசிவியைத் திரும்பத் திரும்ப எடுப்பதும், நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீர் அளவையும் பார்ப்பதும்தான் வழி. அதற்கும் முதலில் கேட்கிற கேள்வி, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்பதே.